உடைப்புக்குப் போன சாக்குகள்

அம்சம் அக்காவின் கையைப் பார்த்தாலே தொழில் தெரிந்துவிடும். கோணி ஊசி பிடித்துப் பிடித்துக் கட்டைவிரல் ஓரம் காய்த்துப்போயிருக்கும். எங்கள் ஊர் மார்க்கெட்டுக்குப் பின்னால் சாக்குக் கடை வைத்திருந்தார். மளிகைக் கடைகளில் பழைய சாக்கு வாங்கி, உதறி, கிழிசலைச் சணலால் தைத்து, அறுவடைச் சமயத்தில் நெல் பிடிக்க விற்பார். அந்தத் தூசியில் இருமல் விட்டதே இல்லை.

வலங்கைமான் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். வயல்வேலைக் கூலிக்குச் சண்டை நடந்த வருஷங்களில் அவருடைய அப்பா காத்தான் அடியும் பட்டார், ஜெயிலுக்கும் போனார். பிறகு நில உச்சவரம்புச் சட்டத்தில் அந்தக் குடும்பத்துக்குக் கொஞ்சம் நிலம் வந்தது. பட்டா கைக்கு வருவதற்குள் காத்தான் போய்ச் சேர்ந்துவிட்டார். நிலத்தை அண்ணன் இராஜாங்கம் பார்த்துக்கொண்டார். அக்கா கல்யாணமாகி டவுனுக்கு வந்தார். புருஷன் செத்த பிறகு சாக்குதான் சோறு போட்டது.

நகராட்சியில் சிறு வியாபாரிகளுக்குச் சுழல்நிதிக் கடன் என்று கொடுத்தார்கள். ஆட்சி மாறினால் திட்டப் பலகைக்குப் பெயிண்ட் மாறும், பணம் அதேதான். ஒருவர் கட்டி முடித்தால்தான் அது அடுத்தவருக்குப் போகும். எங்கள் தெருக் குழுவில் முதல் ஆள் அம்சம் அக்கா. அடுத்த ஆள் எங்கம்மா ஹமீதா பானு. அம்மா இட்லி மாவு விற்றுக்கொண்டிருந்தார். ஆட்டுக்கல்லோடு மல்லுக்கட்டி வலது தோள் தூக்க முடியாமல் போயிருந்தது. கிரைண்டர் வாங்கத்தான் கடன்.

அக்கா, கடனாக வந்த பணம் முழுவதையும் சித்திரையிலேயே சாக்காக அடுக்கிவிட்டார். அந்த வருஷம் பார்த்து மேட்டூர் அணை திறக்கவில்லை. குறுவை இல்லை. நெல்லே இல்லாதபோது சாக்கு யாருக்கு வேண்டும்? தவணை நின்றது.

அம்மா சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு அக்கா கடைப்பக்கம் போவார். பணத்தைப் பற்றிக் கேட்கமாட்டார். சாக்குக் கட்டின்மேல் போய் உட்கார்ந்துகொள்வார்.

"என்னக்கா, உங்க கிரைண்டர் மேலயே உக்காந்துட்டீங்க?" என்பார் அக்கா.

"மெத்துன்னுதான் இருக்கு. ஒரு சுவிட்சு மட்டும் வச்சுக் குடு, ஓட்டிப் பாக்குறேன்."

புரட்டாசியில் ஆற்றில் தண்ணீர் விட்டார்கள். ஊர் அவசர அவசரமாகச் சம்பா நட்டது. ஐப்பசியில் ஒரு காண்ட்ராக்டர் வந்தார். மழைக்கு முன்னால் ஆற்றங்கரையில் மணல்மூட்டை அடுக்கும் வேலையாம். மொத்தச் சாக்கையும் எடுத்துக்கொள்கிறேன், திங்கட்கிழமை லாரி வரும் என்றார்.

"பானுக்கா, அடுத்த வாரம் கடனை உங்க பேருக்கு மாத்திடலாம்" என்றார் அக்கா. அம்மா அன்றே பாத்திரக் கடைக்குப் போய்க் கிரைண்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

லாரிக்கு முன்னால் மழை வந்தது. ஞாயிறு காலை டிராக்டரில் இராஜாங்கம் நனைந்துகொண்டே வந்து இறங்கினார்.

"குடமுருட்டிக் கரை உடைஞ்சுட்டும்மா. நம்ம வயலுக்கு நேரா."

உடைப்பு என்றால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். சாக்குக்கு யாரும் விலை பேசமாட்டார்கள், எண்ணிக் கொடுக்கவும் மாட்டார்கள். இருப்பதை வாரிப் போடுவார்கள். இல்லை என்று சொன்ன வீட்டோடு பிறகு நல்லது கெட்டது கிடையாது. இன்றும் ஊரில் அடைமழை என்று செய்தி வந்தால், குவைத்தில் உட்கார்ந்திருக்கும் நான் ஊருக்குப் போன் போட்டு முதலில் கரை நிற்கிறதா என்றுதான் கேட்பேன்.

"அண்ணே, இது காண்ட்ராக்டருக்குப் பேசின சாக்கு."

"அவரும் ஆத்துக்குத்தானே வாங்குறாரு?"

"அவரு காசு குடுப்பாரு."

"குடுப்பாரு. நாளைக்கி அவரு வர்றப்ப அப்பா அடிவாங்கிச் சேத்த நெலம் மணல்மேடா கெடக்கும்."

அக்கா ஒரு சாக்குக் கட்டை டிராக்டர் பக்கம் இழுத்துப் போட்டார். "ஏத்து" என்றார்.

டிராக்டர் போனதும் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். "உங்க கிரைண்டர் ஆத்தோட போயிருச்சுக்கா."

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பொரிந்து தள்ளிவிட்டார். "உங்கண்ணனுக்கு நெலம் இருக்கு. உனக்கு அண்ணன் இருக்கான். எனக்கு என்னடி இருக்கு? இந்தத் தோளுக்கு யாரு பதில் சொல்றது?"

அக்கா ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்து குழவியைப் பிடித்தார்.

"சாக்குக் கையோடயா? எந்திரிச்சுப் போயி சோப்புப் போட்டுக் கழுவு" என்றார் அம்மா.

அப்படித்தான் ஆரம்பித்தது. உடைப்பை அடைத்தார்கள், பயிரில் பாதி தப்பியது. தை அறுவடையில் இராஜாங்கம் ஏதோ கொடுத்தார், போதவில்லை. நகராட்சி ஆள் வந்து கடைவாசலில் நின்று கத்திவிட்டுப் போனார். அக்கா சிறுகச் சிறுகக் கட்டினார். கட்டி முடிக்க அடுத்த வருஷக் குறுவையும் தாண்டிவிட்டது. அதுவரை சாயங்காலமானால் கடையை மூடிவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து மாவு ஆட்டினார். இருமல் வந்தால் எழுந்து வாசலுக்குப் போய் இருமிவிட்டு, திரும்பக் கையைக் கழுவிக்கொண்டு உட்காருவார். அம்மா ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

ஒருவழியாகக் கடன் அம்மா பேருக்கு மாறி, கிரைண்டர் வந்தது. அன்றும் அக்கா வழக்கம்போல வந்தார். கல் சுற்றுவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நாளைலேந்து வராத. வீட்டுல படு" என்றார் அம்மா.

"படுக்கத்தான்க்கா போறேன்" என்ற அக்கா எழுந்திருக்கவில்லை. சுவரில் சாய்ந்தவர் அப்படியே தூங்கிப்போனார். மாவு ஆகிவிட்டது என்று தெரிந்தும், சத்தம் நின்றால் விழித்துக்கொள்வாரோ என்று, அம்மா சுவிட்சை அணைக்காமல் நின்றார்.