மண்டபத்துக்கு அனுப்பி வைத்தவள்

மேனாம்பேட்டுப் பஞ்சவர்ணத்துக்குப் போலீஸ் வேன் என்றால் பயமே கிடையாது. குடிதண்ணீருக்கு மறியல், ரேஷன் கடைக்கு மறியல், கட்சி கூப்பிட்டால் எதற்கென்று கேட்காமலே ஒரு மறியல் என்று பாதி வாழ்க்கையைச் சாலையில் உட்கார்ந்தே கழித்தவள். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பெருக்கித் துடைக்கிற வேலை. மறியல் நாளில் அதற்கு லீவு. வேன் வந்ததும் முதல் ஆளாக ஏறி ஜன்னலோரம் பிடித்துவிடுவாள். ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் வைப்பார்கள். பெயர் எழுதிக்கொள்வார்கள். தக்காளி சாதம் வரும். மின்விசிறிக்குக் கீழே முந்தானையை விரித்துப் படுத்தால், சாயங்காலம் கதவைத் திறந்து, "கிளம்புங்கம்மா" என்பார்கள்.

"எங்க ஊட்ல கூட இப்டி காத்து வராது மேடம்" என்று பெண் போலீஸைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் வருவாள். புருஷன் செத்த பிறகு அவள் பகலில் தூங்கியது அந்த மண்டபங்களில் மட்டும்தான்.

இந்தத் தடவை கவுன்சிலர் தேர்தலில் தெருவே நாகப்பனுக்காக வேலை செய்தது. மத்தியானம் வரை அவர்தான் முன்னால் இருந்தார். கடைசிச் சுற்றில் எதிராளி ஜெயித்துவிட்டதாக அறிவித்தார்கள். திரும்ப எண்ணச் சொன்னதற்கு அதிகாரி பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். ஓட்டு எண்ணிய பள்ளிக்கூட வாசலில் இரண்டு பக்கத்து ஆட்களும் மோதிக்கொண்டார்கள். எவனோ கல் எறிந்தான். ஒரு பஸ் எரிந்தது. ஒரு காவலருக்கு மண்டை உடைந்தது.

பஞ்சவர்ணத்தின் ஒரே மகன் சரண், லேத் பட்டறையில் வேலை முடிந்து வருகிற வழியில் அங்கே நின்று வேடிக்கை பார்த்தவன். அவன் கையில் சாப்பாட்டுப் பையைத் தவிர வேறொன்றும் இல்லை.

மறுநாள் தடை உத்தரவு வந்தது. தெருமுனையில் வெளி மாவட்டத்துப் போலீஸ் நின்றது. கலவரக்காரர்கள் ஒருவரையும் விடமாட்டோம் என்று அரசு சொன்னது டிவியில் ஓடிக்கொண்டே இருந்தது. பள்ளிக்கூட வாசலில் நின்றவர்கள் தாங்களாகவே வந்தால் விசாரித்து அனுப்பிவிடுவோம் என்று ஜீப்பில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள்.

பக்கத்து வீட்டுப் பூபாலனும் அங்கே நின்றவன்தான். பைக்கோடு வந்து நின்றான்.

"மச்சான், ஏறு. திருத்தணில எங்க மாமா ஊடு கீது. கொஞ்ச நாள் கம்முனு இருந்துட்டு வரலாம்."

சரண் செருப்பை மாட்டினான். பஞ்சவர்ணம் குறுக்கே வந்து நின்றாள்.

"ஓடுனாதான்டா சந்தேகப்படுவான். இன்னா பண்ணிடுவான்? மண்டபத்துல ஒக்கார வெப்பான், சாய்ங்காலம் உட்டுடுவான். நான் பாக்காத மண்டபமா?"

"அத்தே, இது உங்க தண்ணி மறியல் இல்ல. பஸ்ஸு எரிஞ்சிகீது."

"நீ கொளுத்துனியா, இவன் கொளுத்துனானா? போடா பயந்தாங்கொள்ளி."

பூபாலன் தனியாகப் போனான்.

அவளே மகனை வேன் வரை கூட்டிக்கொண்டு போனாள். "பேரு, அட்ரஸு எல்லாம் ஒழுங்கா சொல்லு. தமாசுக்கு வேற பேர் குடுக்காத. அப்பதான் சீக்கிரம் உடுவான்."

"நீ தூங்கற எடம் எதுன்னு பாத்துட்டு வரேன்மா" என்று சிரித்துக்கொண்டே ஏறினான் சரண். அதைப் பார்த்து எதிர்வீட்டு ரேணுகாவும் பள்ளிக்கூட வாசலில் நின்றிருந்த தன் புருஷனை ஏற்றிவிட்டாள்.

சாயங்காலம் பெண்கள் இரண்டு பேரும் மண்டபத்து வாசலில் நின்றார்கள். இருட்டத் தொடங்கியும் கதவு திறக்கவில்லை. மண்டபத்துக் காவலாளி யூசுப் அவளுக்குப் பழக்கமானவர். பக்கவாட்டுக் கேட்டைத் திறந்து வெளியே வந்தவர், அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"யாரும் இல்லக்கா உள்ள. சமையக்கட்டு வழியா கோர்ட்டுக்கு இட்டுனு பூட்டாங்க. பந்தி மேஜைல ஒக்கார வெச்சி, செல்லுல வீடியோ பாத்துப் பாத்து எழுதுனாங்க. பஸ்ஸ கொளுத்துனது, போலீச கொல்லப் பாத்ததுன்னு கேஸு. பெயிலு கூட இப்ப கெடைக்காதுன்னு பேசிக்கினாங்க."

ஆட்டோ பிடித்துப் போவதற்குள் கோர்ட்டில் எல்லாம் முடிந்திருந்தது. ஜெயிலுக்குப் போகிற வண்டி வளாகத்தில் நின்றது. ஜன்னல்களில் கம்பி வலை. உள்ளே முகங்கள் தெரியவில்லை; வலையைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் தெரிந்தன.

"சரணு!"

"இங்க கீறேன்மா. பட்டறைக்குப் போன் பண்ணி நாளைக்கு வரமாட்டேன்னு சொல்லிடு." பிறகு குரல் தணிந்தது. "ஏம்மா, நாளைக்கு உட்டுடுவாங்கல்ல? இங்க ஒருத்தன் மாசக்கணக்கா ஆவும்றான். உனக்குத்தான் இதெல்லாம் தெரியுமே. சொல்லு."

வலையில் இன்னும் பல விரல்கள் வந்து பிடித்தன. எல்லாருமே அவள் பதிலுக்குக் காத்திருந்தார்கள். ரேணுகா அவள் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"உட்டுடுவாங்க நைனா. நாளைக்கே உட்டுடுவாங்க."

வண்டி கிளம்பியது. "நெசமாவாக்கா?" என்று கேட்ட ரேணுகாவின் கையை உதறிவிட்டு, பஞ்சவர்ணம் வண்டியின் பின்னால் ஓடினாள். உள்ளங்கையால் தகரத்தைத் தட்டிக்கொண்டே ஓடினாள்.

"சார், நான் ஏத்தி உட்டேன் சார். அவன் ஊருக்குக் கெளம்புனான். நான்தான் சார் ஏத்தி உட்டேன்."

சாலைக்கு வந்ததும் வண்டி வேகம் எடுத்தது.