சுவர் தண்ணீர் குடிக்கும்

வசந்தா அக்கா போய்விட்டாள் என்று போன் வந்தபோது, நான் வேலை பார்க்கும் சாஸ்தமங்கலத்துச் சேச்சி வீட்டில் ஸ்டூல் மேல் நின்று கதகளி முகமூடியைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தேன். "செல்வி, உங்க அக்கா போயிட்டாம்மா" என்றார் அவள் புருஷன் முருகேசன் அண்ணன். முகமூடியைப் பிடித்தபடியே நின்றிருக்கிறேன். சேச்சிதான் வந்து அதை வாங்கி வைத்துவிட்டு, என்னையும் கைபிடித்து இறக்கினாள். அந்த வீட்டுச் சுவரில் தொங்குவதையெல்லாம் அக்காவும் நானும் சேர்ந்துதான் கழற்றித் துடைத்து மாட்டுவோம். ஒருத்தி கழற்றினால் ஒருத்தி கீழே நின்று வாங்க வேண்டும். அன்றைக்குக் கீழே ஆளில்லை.

அவளைத் தெரிந்தவர்கள் நம் லைன் வீடுகளிலும் அவள் வேலை பார்த்த வீடுகளிலும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஒரு போட்டோவுக்காகப் போய்ச் செத்தாள் என்று சிலர் பேசியது என் காதில் விழுந்தது. அது என்ன போட்டோ என்று சொல்லிவிட வேண்டும்.

நம் ஊர் மழையில் சுவர் வேர்க்கும். படம் முன்னால் பார்க்கப் பளிச்சென்று இருக்கும், கழற்றிப் பார்த்தால் பின்னால் பூஞ்சையும் பல்லி முட்டையும். "மூஞ்சிய மட்டும் தொடச்சா வீட்டுக்காரிக்குத்தான் சந்தோசம். படத்துக்குச் சீக்கு முதுகுலதான்ட்டி" என்பாள் அக்கா. கண்ணாடிமேல் நேராகத் தண்ணீர் தெளிக்க விடமாட்டாள், ஓரம் வழியாக உள்ளே இறங்கிவிடும் என்று. துணியை நனைத்து ஒட்டப் பிழிந்து துடைப்பாள், உடனே காய்ந்த துணியால் இன்னொரு முறை. படத்துக்கும் சுவருக்கும் நடுவில் காற்று போவதற்குப் பழைய ஹவாய் செருப்பைத் துண்டு துண்டாக வெட்டிப் பின்னால் மூலைகளில் ஒட்டுவாள்.

ஒருநாள் சேச்சி அதைப் பார்த்துவிட்டாள். "ஐயோ வசந்தே, செருப்போ! சாமி படம் அல்லே?"

"சாமிக்கெல்லாம் கார்க்கு வச்சிருக்கேன் சேச்சி. செருப்பு உங்க அச்சன் படத்துக்குத்தான்."

வேலை போச்சு என்று நினைத்தேன். சேச்சி அப்பாவின் அந்தப் பெரிய மீசைப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இருக்கட்டும். எங்களை அடிச்ச அடிக்கு இது போராது" என்றாள். அக்கா சிரித்த சிரிப்பில் ஸ்டூல் ஆடியது.

அவள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு படம். மகள் சுபா. எட்டாம் வகுப்புப் படிக்கும்போது மூளைக்காய்ச்சலில் போனவள். பள்ளிக்கூட விழாவில் யாரோ போனில் எடுத்ததை, சுபாவை மட்டும் வெட்டிப் பெரிதாக்கிக் கடையில் சட்டம் போட்டுக் கொடுத்திருந்தார்கள். எடுத்த போன் அப்புறம் கெட்டுப்போனது. முதல் திவசத்துக்கு வந்த அண்ணனின் தங்கை, சந்தனம் குங்குமம் வைக்கும் முன்னால் ஈரத்துணியால் நன்றாகத் துடைத்தாள். நம்மில் யாரும் செய்வதுதான். தண்ணீர் அடிச்சட்டம் வழியாக உள்ளே போய், காய்ந்தபோது படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிரித்தால் முகம் கண்ணாடியோடு போகும். நானும் போனில் ஒரு படம் எடுத்து வைக்கப் பார்த்தேன். ட்யூப்லைட்டும் என் முகமும்தான் விழுந்தன.

அதன்பிறகு அக்கா அந்தப் படத்துக்குப் பின்னால் சுபாவின் செருப்பையே வெட்டி ஒட்டினாள். அண்ணன் சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்கிவிட்டு வந்து பார்த்துக் கத்தினார். "செத்த பிள்ளை சாமிட்டி! சாமிக்குப் பின்னால செருப்ப வைப்பியா நீ?"

"அவ செருப்புதான. அவளத் தாங்கட்டும்."

அண்ணன் அன்று சாப்பிடவில்லை. செருப்பை எடுக்கவும் இல்லை.

இந்த மழையில் கால்வாய் நிறைந்து தண்ணீர் வீடுகளுக்குள் வந்ததும், எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். அங்கே பாய் விரிக்கும்போதுதான் அக்காவுக்குப் படம் நினைவு வந்தது. நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டேன். "உயரத்துலதான இருக்குக்கா, தண்ணி அதுவரைக்கும் வராது."

"தண்ணி வர வேண்டாம்ட்டி. சுவரு குடிச்சு மேல ஏத்திரும். ரெண்டு நாள் அப்படியே கிடந்தா அவ மூஞ்சி இருக்காது. விடு."

விட்டேன். இடுப்பளவு தண்ணீரில் போய், படத்தை பிளாஸ்டிக் கவரில் சுற்றித் தலைமேல் வைத்துக்கொண்டு வந்தாள். குதிகாலில் தகரம் கிழித்திருந்தது. துணியைக் கட்டிக்கொண்டாள். பிறகு காய்ச்சல் வந்தது, நனைந்த காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டாள். கண் மஞ்சளான பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எலிக்காய்ச்சல், வெள்ளத் தண்ணீரிலிருந்து கால் புண் வழியாக ஏறியது, மூத்திரம் பிரியவில்லை என்றார்கள்.

நான் பார்த்த கடைசித் தடவை அவள் கேட்டது ஒன்றுதான். "ஈரம் பட்டுதா?"

"படலக்கா."

படவில்லைதான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அண்ணன் படத்தைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். "இதப் பாத்தா எனக்குக் கோவம்தான் வருது. பெத்த பிள்ளைமேல கோவம் வரலாமா? நீ வச்சுக்கோ" என்றார். திரும்பிப் பார்க்காமல் போனார். அக்காவைத் தனியாக எடுத்த படம் எதுவும் எங்கள் யாரிடமும் இல்லை. ஆதார் கார்டில் இருப்பது வெறும் கறுப்பு.

காய்ந்த துணியால் அதைத் துடைக்கும்போதுதான் பார்த்தேன். இத்தனை வருஷமும் சந்தனமும் மாலையும் மறைத்திருந்த இடத்தில், சுபாவின் தோள்மேல் நாலு விரல் இருக்கிறது. விழாவில் பக்கத்தில் நின்றவளைக் கடைக்காரர் வெட்டியபோது, விரலை மட்டும் வெட்ட முடியாமல் விட்டிருக்கிறார். நகம் ஒட்ட வெட்டி, சோப்புத் தண்ணீரில் வெடித்த விரல்கள். எந்தக் கூட்டத்திலும் அடையாளம் சொல்வேன்.

பூஞ்சை அந்தத் தோள் பக்கத்திலிருந்துதான் ஏறிக்கொண்டிருக்கிறது. என் வீட்டில் காய்ந்த சுவர் ஒன்றுகூட இல்லை. அக்கா என்று என்னிடம் இருப்பது இந்த நாலு விரல்தான். இந்த மழையை அது தாண்டிவிட வேண்டும்.