மாற்றிச் சொன்ன ஒரு வாக்கியம்

சட்டை ஆலையில் அவர் எழுத்தர். ஆங்கிலம் சரளமாக வரும் என்பதால் தொழிலாளர்கள் வைத்த பெயர் 'டிக்‌ஷனரி சார்'. ஆலையின் சட்டைகளை வாங்கிப் பல நாடுகளில் விற்கும் வெளிநாட்டுக் கம்பெனி வருடத்துக்கு ஒருமுறை ஆய்வுக்கு ஆள் அனுப்பும். அன்றைக்கு அவர்தான் மொழிபெயர்ப்பாளர்.

அந்த வருடம் வந்த பெண் ஆய்வாளர், மாடியில் இஸ்திரி போடும் ஒருத்தியிடம் ஏதாவது குறை உண்டா என்று கேட்டார்.

"வேலை நேரத்துல இந்தக் கதவ வெளியில பூட்டிடறாங்கம்மா. துணி திருடிருவோமாம். ஏதாவது ஆச்சுன்னா நாங்க எப்படி இறங்குறது?"

பக்கத்தில் நின்ற மேனேஜர் தொண்டையைச் செருமினார். டிக்‌ஷனரி சார் அவரை ஒருமுறை பார்த்தார். "கதவு எப்போதும் திறந்தே இருக்கிறதாம்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஆய்வாளர் எழுதிக்கொண்டு, அவள் கையைப் பிடித்து நன்றி சொன்னார். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "சொல்லிட்டேன்டி! எழுதிக்கிட்டாங்க" என்று தோழிகளிடம் அவள் சொன்னது, படியிறங்கும்போது அவர் காதில் விழுந்தது.

ஏழாவது மாதம், ஒரு மதியம், ஆலையில் தீப்பிடித்தது. மாடியில் பதினொரு பேர் செத்தார்கள். அவள் ஜன்னலிலிருந்து குதித்துக் கால் ஒடிந்து பிழைத்தாள்.

குடும்பங்கள் சேர்ந்து அந்தக் கம்பெனியின் மேல் அதன் நாட்டிலேயே வழக்குப் போட்டன. சரக்கு எங்கே தைக்கப்பட்டாலும் தைக்கிறவர்களின் உயிருக்கு வாங்குகிறவர்களும் பொறுப்பு. சர்வதேச நெறிகள் அப்படித்தான் சொல்கின்றன என்றார் அவர்களுடைய வக்கீல். கம்பெனி ஆய்வறிக்கையை நீட்டியது. கதவு திறந்திருந்ததாக உங்கள் சாட்சியே சொல்லியிருக்கிறாளே!

அவள் விலைபோய்விட்டாள் என்று தெருவில் பேச்சு கிளம்பியது.

"நீங்கதானே அன்னிக்குக் கூட இருந்தீங்க? அவ என்னதான் சொன்னா?" என்று மனைவி கேட்டாள். அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார்.

மறுநாள் காலை அந்த இஸ்திரிப் பெண்ணின் வீட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். அவள் உட்காரச் சொல்லவில்லை.

"கேட்டுட்டும் கண்டுக்கலையேன்னு இத்தனை மாசமா அந்தம்மாவத்தான் சார் திட்டிக்கிட்டிருந்தேன். அவங்களுக்குத் தெரியவே தெரியாதா?"

அவர் அங்கிருந்து நேரே குடும்பங்களின் வக்கீலிடம் போனார்.

வாக்குமூலம் எழுதிக் கொடுத்த வாரமே வேலை போயிற்று. வீடியோவில் சாட்சி சொன்னபோது கம்பெனி வக்கீல் கேட்டார்: "அன்று பொய் சொன்னவரை இன்று எப்படி நம்புவது?"

"என்னை நம்ப வேண்டாம். அவளை நம்புங்கள்."

ஆலை கொடுத்த ஆளை வைத்துக்கொண்டு, மேனேஜர் எதிரிலேயே விசாரித்தது ஆய்வே அல்ல என்றது நீதிமன்றம். கதவைத் தள்ளிப் பார்க்கக்கூட யாரும் பத்தடி நடக்கவில்லை. வழக்கைத் தள்ளுபடி செய்ய முடியாது, கம்பெனி பதில் சொல்லியே ஆகவேண்டும் என்று உத்தரவாயிற்று. வழக்கு இன்னும் நடக்கிறது.

அந்த உத்தரவின் நகல் ஆங்கிலத்தில் தபாலில் வந்தது. அவள் ஊன்றுகோலோடு அவர் வாசலைக் கடந்து, இரண்டு தெரு தள்ளி ஜெராக்ஸ் கடைக்காரரிடம் போய் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். அவர் ஜன்னலுக்கு உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.