என் பெயரில் ஒரு ரோஸ்

மாத்தளையில் எங்கள் லேனில், பூச்செடிக்குக் கடைக்காரர் சொல்லும் பெயர் செல்லாது. கொப்பு எந்த வீட்டிலிருந்து வந்ததோ, அந்த வீட்டு ஆளின் பெயர்தான் அதற்கு. இளஞ்சிவப்பு அடுக்கு ரோஸ் 'டீச்சர் ரோஸ்'. வெள்ளை, 'நர்ஸ் அக்கா ரோஸ்'. நர்ஸ் அக்கா மாற்றலாகிக் கண்டிக்குப் போய்விட்டார். ரோஸ் இன்னும் அவர் பெயரில்தான் பூக்கிறது.

எனக்கும் ஆசை வந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் இங்கே 'மூலை வீட்டு மருமகள்'. என் மகளுக்கே மாப்பிள்ளை பார்க்கிறோம், நான் இன்னும் மருமகள்! மாத்தளையைத் தாண்டி நாலந்தாவில் ரோட்டோரத்தில் ஒரு மஞ்சள் ரோஸ் வாங்கி வந்து வளர்த்தேன். ஊருக்கெல்லாம் பிளவுஸ் தைப்பவள் நான் என்பதால், 'தையல் அக்கா ரோஸ்' என்று மனதுக்குள் பெயரும் வைத்தாயிற்று. கொப்பு வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி, வீடு வீடாகக் கொடுத்தேன். அத்தனையும் கருகிப்போயின.

பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா, நாங்கள் ராத்தா என்று கூப்பிடுகிறவர், அவர்தான் காரணம் சொன்னார்.

"கையில குடுத்தா எப்படிப் புடிக்கும்? களவா ஒடிச்ச கொப்புத்தான் துளிர்க்கும்."

"அப்ப களவெடுங்களேன்!"

"நீங்களே எடுக்கச் சொல்லிட்டீங்க. இனி அது களவா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்தக் கவலையில் இருக்கும்போது வேலிச் செம்பருத்தி வேறு என் உயிரை வாங்கியது. வீட்டோடு வந்த பழைய செடி, செம்மஞ்சள் அடுக்குப் பூ. வெள்ளிக்கிழமை காலையில் கோயிலுக்குப் போகிறவர்கள் பூவைப் பறித்தால் பரவாயில்லை, கொப்போடு ஒடித்துக்கொண்டு போவார்கள். நான் ஜன்னலில் நின்று ஏசுவேன்.

போன மாதம் லேனின் மேல் முனையில் ஒரு வீட்டுக்குத் தைத்த பிளவுஸைக் கொண்டு போனேன். வாசலில் தொட்டி நிறையச் செம்மஞ்சள் அடுக்குப் பூ. அந்த வீட்டுப் புது மருமகளிடம் அது என்ன பூ என்று கேட்டேன்.

"இதுவா? ஏசுற அக்கா செம்பருத்தி. இந்த லேன்ல எல்லார் வீட்லயும் இருக்கு. ஏச்சு வாங்கிக்கிட்டு ஒடிச்சாத்தான் நல்லா புடிக்குமாம். பதுளையில எங்க அம்மாவுக்கும் ஒரு கொப்பு வேணும். அந்த அக்கா வீடுதான் எதுன்னு தெரியல."

கதவுக்குப் பின்னால் மாமியார் கண்ணைக் காட்டியது அவளுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

ஆத்திரத்தோடுதான் படியிறங்கினேன். வரும் வழியில் ஒவ்வொரு வாசலாக எட்டிப் பார்த்தேன். உண்மைதான், எல்லா வாசலிலும் நான்தான் பூத்திருந்தேன். பாதி வழியில் ஆத்திரம் போய்ப் பெருமை வந்துவிட்டது. ஏசினாலும் அக்கா, மருமகள் இல்லையே.

அடுத்த வெள்ளிக்கிழமை வேலிப் பக்கம் கொப்பு ஒடியும் சத்தம். எட்டிப் பார்த்தால், அதே புதுப் பெண். சின்னப் பிள்ளை, இன்றைக்கு விட்டுவிடுவோம் என்று பேசாமல் தேத்தண்ணீர் குடித்தேன். அவள் போகவில்லை. கொப்பைக் கையில் வைத்துக்கொண்டு என் ஜன்னலையே பார்த்தபடி நின்றாள்.

பதுளை வரைக்கும் போகிற கொப்பு. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வாயார ஏசினேன்.