இல்லாத பழத்தின் வாசனை

அடிக்கோலைத் தாளில் வைத்து, இடது பெருவிரலால் அழுத்திப் பிடித்து, பென்சிலால் ஒரே இழுப்பில் ஒரு பெயரை அடித்தன அந்தக் கைகள். அடித்ததற்கான காரணம் எதிரே இரண்டே சொல்லில் ஏறியது. ‘கம்பெனி ஆலோசகர்.’ அதற்கு மேலே, முன்பே அடிபட்ட பெயருக்கு எதிரே, ‘மைத்துனர் பங்குதாரர்.’

ஒரு ரசாயனம் ஆபத்தில்லாதது என்று அதைத் தயாரிப்பவர்களே மதிப்பீடு எழுதிக் கொடுப்பார்கள். அவர்களோடு ஒட்டும் உறவும் இல்லாத விஞ்ஞானிகள் அதைப் படித்துப் பார்க்க வேண்டும். ரசாயனங்களுக்கு அனுமதி தரும் அரசு அலுவலகத்தில் அப்படிப்பட்டவர்களைத் தேடிப் பிடிப்பதுதான் அந்தக் கைகளுக்கு உரியவளின் வேலை. தட்டச்சராக வந்தவள், வேதியியல் படித்ததில்லை. ஆய்வுக் கட்டுரைகளின் கடைசியில் பொடி எழுத்தில் வரும் நன்றியுரைகளை வாசித்து வாசித்தே, யார் யாருடைய பணத்தில் ஆராய்ச்சி செய்தார் என்று மோப்பம் பிடிக்கக் கற்றுக்கொண்டாள். அலுவலகத்தில் அவளுக்குச் ‘சல்லடை’ என்று பெயர்.

இந்த முறை வந்தது ஒரு கரைப்பான். இதுவரை தொழிற்சாலைப் பசையில் மட்டும் இருந்தது. இனி வீட்டுச் சுவர்ப் பூச்சிலும் கலக்கப் போகிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் ஐந்து பேர் கிடைக்காவிட்டால் கம்பெனியின் மதிப்பீடே முடிவாகிவிடும்.

அதை நன்றாக அறிந்தவர்கள் நான்கு பேர்தான். முப்பது வருடங்களுக்கு முன் தனித்தனி ஊர்களில், தனித்தனி ஆய்வகங்களில் அதைக் கையாண்டவர்கள். ஒருவரையொருவர் பார்த்ததுகூட இல்லை.

முதலில் ஓய்வுபெற்ற பேராசிரியைக்குப் போன் செய்தாள். கரைப்பானின் பெயரைச் சொன்னதும் அவர் குறுக்கிட்டார்.

“ஒரு நிமிஷம்மா.” பிறகு தூரத்தில் யாரிடமோ, “பழம் ஏதாவது வாங்கி வச்சிருக்கியா?”

“இல்லையே அத்தை” என்றது மருமகளின் குரல்.

இரண்டாமவர் மருத்துவர். பேச்சின் நடுவே, “உங்க பக்கத்துல யாராவது பழம் நறுக்குறாங்களா?” என்று கேட்டார்.

“போன்ல வாசனை வருமா சார்?” என்று சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

மூன்றாமவர் பழத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆனால் மூக்கால் காற்றை இழுப்பது கேட்டது. ஒரு முறை. மறு முறை. நாற்காலி நகர்ந்தது. அலமாரி ஒன்று திறந்து மூடியது, பிறகு இன்னொன்று. திரும்பி வந்து, “ஒண்ணுமில்ல, சொல்லுங்க” என்றார்.

நான்காவது எண்ணில் ஒரு பெண் எடுத்தாள்.

“அவர் போய் ரெண்டு வருஷமாச்சும்மா. எதுக்குக் கேக்குறீங்க?”

கேட்கக் கூடாதுதான். கேட்டுவிட்டாள்.

“பழமா? கடைசி வாரம் பூரா அதைத்தாம்மா தேடினார். கட்டிலுக்கு அடியில, பீரோ பின்னாடியெல்லாம் கையை விட்டுத் துழாவுவார். அழுகுறதுக்கு முந்தின நாள் பழம் மாதிரி வருதாம். எனக்கு ஒண்ணும் வரல.”

ரிசீவரை வைத்த பிறகும் கை அதன் மேலேயே இருந்தது.

பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்தாள். “என்ன சல்லடை, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?”

சொன்னாள்.

“இதையெல்லாம் எழுதி வைக்காதே தாயே. அடுத்த ஃபைலுக்கு மந்திரவாதியைப் பிடிச்சுட்டு வரச் சொல்லுவாங்க.”

எழுதாமல் விட்டால் அது அந்த நான்கு வீடுகளோடு போய்விடும். பேராசிரியையை மறுபடி அழைத்தாள்.

“வேண்டாம்மா” என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது. “நாப்பது வருஷம் சம்பாதிச்ச பேரு. கிழவிக்கு மறை கழண்டுடுச்சும்பாங்க. மருமகளே அப்படித்தான் பாக்குறா.”

“மேடம், நீங்க மட்டும் இல்ல. பேரெல்லாம் சொல்ல மாட்டேன். இன்னும் மூணு பேருக்கு அந்த வாசனை வந்திருக்கு.”

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“அவங்களுக்கு எப்படிப்பட்ட பழம்?”

“அழுகுறதுக்கு முந்தின நாள் பழம்னு ஒருத்தர் சொன்னாங்க.”

அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுந்தது. யாரும் அதை எடுத்ததாகத் தெரியவில்லை.

“எனக்கும் அதேதான். எழுதிக்கோ. கையெழுத்து போட்டு அனுப்புறேன். என்னை மத்தவங்க நம்பலைன்னாலும் பரவாயில்ல, நான் என்னை நம்பணும்.”

மற்ற இருவரும் அதன்பின் தயங்காமல் எழுதி அனுப்பினார்கள். அவர்கள் இனி சாட்சிகள், மதிப்பிடுபவர்கள் அல்ல; நான்கு பெயர்களையும் பட்டியலில் அவள் பென்சிலால் அடித்து நீக்கினாள். எதிரே எழுத இரண்டு சொல் கிடைக்க நேரமாயிற்று: ‘உடம்பிலேயே தொடர்பு.’ அந்தக் கரைப்பானைத் தொட்டே இராத ஐந்து நச்சியல் அறிஞர்களை வியாழன் மாலைக்குள் பிடித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பிரிவுத் தலைவர் அவள் வைத்த காகிதக் கட்டைப் பிரித்து எண்ணிப் பார்த்தார்.

“அஞ்சு பேருதானே கேட்டேன்? இந்த நாலு தாள் எதுக்கு?”

“மதிப்பீட்டைப் படிக்கிற அஞ்சு பேருக்கும் இதுவும் போகணும் சார்.”

அவர் முதல் தாளைப் படித்தார். இரண்டாவதைப் படித்தார். நான்காவதில் நிமிர்ந்தார். “இது விஞ்ஞானி கையெழுத்து இல்லையே.”

“அவரோட மனைவி போட்டது சார்.”

“இதை உள்ளே விட்டா என்னைக் கேள்வி கேப்பாங்கம்மா.”

“கேக்கட்டும் சார். நான்தான் சேர்த்தேன்னு பதிவேட்டுல எழுதியிருக்கேன்.”

அவர் நான்கு தாளையும் பிரித்து எடுக்கப் போனார், எடுக்கவில்லை. வரிசை எண் போட்டுக் கட்டோடு சேர்த்துத் தைக்கச் சொன்னார். அவள் அங்கேயே நின்று ஊசியில் நூல் கோத்துத் தைத்து, முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தாள்.