வாசலில் குறுக்கே நின்ற சைக்கிள்

தொண்ணூறுகளின் நடுவில், நான் பி.ஏ. முடித்த கோடையில், விக்கிரமசிங்கபுரத்தில் எங்கள் தெருவிலேயே நடந்தது இது. நினைத்தால் இன்றைக்கும் காது மடல் சூடாகிறது. எழுத்தில் கொஞ்சம் கோபம் தெறித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பா நூல் மில் தொழிலாளி. அம்மாவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியாது. பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்துப் பட்டம் வாங்கினேன். இதைப் பெருமையாகவே சொல்கிறேன்; இந்த விஷயத்தில் அடக்கம் எனக்கு வராது.

ஆனால் பட்டத்தோடு வேலை வரவில்லை. அப்பாவோடு வேலை பார்க்கும் அண்ணாச்சி ஒருவர் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அதையே குத்திக் காட்டுவார்.

"மூத்தவளப் படிக்க வச்சு என்னவே கண்டீரு? வேலைவாய்ப்பு ஆபீசுல பேரப் பதிஞ்சிட்டு விட்டத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கா. இளையவ மடியிலயாவது ஒரு பீடித் தட்டத் தூக்கி வையும்."

நான் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். என் தங்கை அப்போதுதான் பிளஸ் டூ பரீட்சை எழுதியிருந்தாள். என்னைவிடக் கெட்டிக்காரி. அப்பா அவரை எதிர்த்து ஒன்றும் சொல்லமாட்டார். ஒருநாள் என்னிடம் மட்டும் சொன்னார்: "காலேஜு தொறக்கதுக்குள்ள உனக்கு ஒரு வழி பொறந்தா அவளும் போட்டும். இல்லன்னா நாலு பேரு பேச்ச நான் எத்தன நாள் தாங்குவேன்?"

ஆக, நான் தோற்றால் பீடி சுற்றப்போவது என் தங்கை.

அந்த நேரத்தில்தான் பேப்பரில் ஒரு விளம்பரம் பார்த்தேன். பொருள்களை எடுத்துச் சொல்லி விற்றால் கமிஷன். படித்த பெண்களுக்கு முன்னுரிமை. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் நடந்தது. அக்கினி நட்சத்திர வெயிலில் கழுத்தை இறுக்கி டை கட்டிய ஒருவர் மேடையில் நின்றார். பலகையில் ஒரு வட்டம் போட்டு அதுதான் நீங்கள் என்றார். அதற்குக் கீழே வட்டங்கள், அவற்றுக்குக் கீழே இன்னும் வட்டங்கள். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அம்மா சீட்டுப் பணத்திலிருந்து கொடுத்ததைக் கட்டிவிட்டு ஒரு பெரிய பையோடு பஸ் ஏறினேன்.

அந்தப் பை இருக்கிறதே! ஷாம்பு, சோப்புத் தூள், பல்பொடி, தரை துடைக்கும் மருந்து, காய் நறுக்கும் கருவி, சோறு சூடாக இருக்கும் ஹாட் பாக்ஸ், இன்னும் என்னென்னவோ. ஒவ்வொன்றுக்கும் ஒரு புத்தகம், பாதிக்கு மேல் இங்கிலீஷ். தினமும் கேட்க வேண்டிய கேசட்டுகள் தனி. எல்லாப் பொருளையும் விற்க வேண்டும். தெரிந்தவர்களையெல்லாம் சேர்க்க வேண்டும். கண்ணாடி முன்னால் சிரித்துப் பழக வேண்டும். சேர்ந்தவர்களுக்கு வேறு நாம் பயிற்சி கொடுக்க வேண்டும். நான் பரீட்சைக்குப் படிப்பதுபோல் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். தங்கை புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பாள். ஷாம்புவைப் பற்றிக் கேட்டால் நான் தரை மருந்தின் பெருமையைச் சொல்வேன்.

கண்ணாடி முன்னால் நான் சிரித்ததைப் பார்த்து, "யக்கா, பல்லுவலி வந்தவ மாதிரி இருக்கு" என்றாள். சிரிக்க வேண்டிய இடம்தான். நான் அழுதேன். மறுநாள் இன்ன வீட்டுக்குப் போகலாம் என்று நினைப்பேன். எந்தப் பொருளைச் சொல்வது, எதை முதலில் சொல்வது, ஆள் சேர்ப்பதா விற்பதா என்று யோசித்தே பொழுது போய்விடும். ஒரு பல்பொடிகூட விற்கவில்லை.

அடுத்த கூட்டத்தன்று மண்டபத்துக்குப் போய் இதைச் சொன்னேன். டை கட்டியவர் தட்டிக்கொடுப்பதுபோல் சிரித்தார். "உங்க ஏரியாவுக்கே வந்து செஞ்சு காட்டுறேன் மேடம். மில் தொழிலாளிங்க குடும்பம்தானே? படிக்காத ஜனங்க. பேச்சுலயே மடக்கிடலாம்."

படிக்காத ஜனங்களில் என் அம்மாவும் ஒருத்தி. சுருக்கென்றது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

சொன்னபடி ஒருநாள் காலை பதினொரு மணிக்கு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். அந்த நேரத்தில் வீட்டில் இருக்கும் பெண்களுக்கு வேலை ஓய்ந்திருக்கும் என்பது அவருடைய புத்தகக் கணக்கு.

எங்கள் தெருவில் எல்லாமே மில் சங்கின் கணக்கு. இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவர் பஞ்சுத் தூசியைக் கழுவிவிட்டுப் படுத்தால் பிற்பகல் வரை தூங்குவார். அப்படி ஆள் தூங்கும் வீட்டு வாசலில் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தியிருப்பார்கள். அதைப் பார்த்தால் பால்காரர்கூட மணி அடிக்கமாட்டார். அடுத்த வீட்டில் ரேடியோ பேசாது, உலக்கை இடிக்காது. வீட்டுப் பெண்கள் துணி மூட்டையையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு ஆற்றுப் படித்துறைக்குப் போய்விடுவார்கள். துவைக்கிற சத்தத்திலும் பிள்ளைகள் கத்துகிற சத்தத்திலும் ஆம்பிளை தூக்கம் கெடக்கூடாதே என்றுதான். நடக்கப் பழகிய நாளிலிருந்தே எனக்கு இது தெரியும்.

அவர் நேராக எதிர் வீட்டுக்குப் போனார். வாசலில் சைக்கிள் குறுக்கே நின்றது.

"இந்த வீடு வேண்டாம் சார். இங்கே..." என்று ஆரம்பித்தேன்.

"சாக்குச் சொல்லாதீங்க மேடம். தயக்கம்தான் நம்ம முதல் எதிரி" என்றபடி சைக்கிளை ஒரு கையால் ஒதுக்கித் தள்ளிவிட்டுக் கதவைத் தட்டினார். சும்மா தட்டவில்லை. மோதிரக் கையால், பலமாக.

உள்ளே குழந்தை வீறிட்டது. நான் மதினி என்று கூப்பிடும் அந்த வீட்டுக்காரி கதவைத் திறந்துகொண்டு வந்தாள். குழந்தைக்குக் காய்ச்சல் என்பதால் அன்றைக்கு அவள் ஆற்றுக்குப் போகவில்லை. அவள் டை கட்டியவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"ஏளா, நீயா தட்டுத? இப்பத்தான் அவிய கண்ணசந்தாவ. பிள்ளையும் இப்பத்தான் ஒறங்குச்சு. நீ மில்லுக்காரன் மவதானே? வாசல்ல சைக்கிள் நிக்கது ஒனக்குமா தெரியல? படிச்சா கண்ணு அவிஞ்சு போகுமோ?"

அவர் அசரவே இல்லை. பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, "குட் மார்னிங் மேடம், உங்க கூந்தலுக்கு..." என்று தொடங்கினார்.

"பைய பேசும் வே! ஆளு ஒறங்குதுங்கேன், கூந்தலாம் கூந்தல்!" என்று மதினி கதவைச் சாத்தினாள்.

அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு என்னிடம் சொன்னார்: "விடுங்க. இதுங்கல்லாம் இப்படித்தான். படிக்காததுங்க."

இதுங்களாம்! எனக்குள் எது அறுந்ததோ தெரியவில்லை. சத்தம் போட முடியாது, ஆள் தூங்குகிறார். அந்தக் கோபத்தைக்கூட நான் குசுகுசுவென்றுதான் பேச வேண்டியிருந்தது. அதை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது.

"சார், ராத்திரி முழுக்க நின்னு நூல் நூத்துட்டு வந்து தூங்குற ஆளை எழுப்பிட்டீங்க. இந்தச் சைக்கிள் எதுக்கு நிக்குதுன்னு இந்தத் தெருவுல மூணு வயசுப் பிள்ளைக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது. தெரிஞ்ச நான் சொன்னா சாக்குங்கிறீங்க. இங்க படிக்காதவர் நீங்கதான். கிளம்புங்க."

கேசட்டுகளையும் புத்தகங்களையும் அள்ளி அவர் ஸ்கூட்டரின் முன்னால் வைத்தேன். "நீங்கல்லாம் முன்னேறவே மாட்டீங்க" என்றார். ஸ்கூட்டரை அங்கேயே உதைத்துக் கிளப்பப் போனார். தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போகச் சொன்னேன். அந்த வெயிலில், டையோடு, தள்ளிக்கொண்டுதான் போனார். சைக்கிளைப் பழையபடி வாசலுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு நான் வீட்டுக்குள் போனேன்.

அப்பாவுக்கு அந்த வாரம் பகல் ஷிப்ட், வீட்டில் தூங்கும் ஆள் இல்லை. கோபத்தில் பையைத் தரையில் கவிழ்த்தேன். சாமான்கள் நாலா பக்கமும் உருண்டன. அம்மா அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்தாள்: ஹாட் பாக்ஸ்.

"இதுல வச்சா சோறு ஆறாதாளா? ராத்திரி ஷிப்டுன்னா அப்பா எந்திரிக்கும்போது அடுப்பு பத்த வைக்காண்டாமே."

ஷிப்ட்காரர் வீட்டில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு நேரத்தில் சாப்பிடுவார்கள். அதற்காக என் அம்மா நாள் முழுக்க அடுப்பைப் பற்ற வைத்து அணைத்துக்கொண்டே இருப்பாள். பார்த்துப் பார்த்து எனக்கு அது கண்ணில் படாமலே போயிருந்தது. புத்தகத்தில் அந்தப் பெட்டிக்கு ஏகப்பட்ட சிறப்புகள் போட்டிருந்தார்கள். இது மட்டும் இல்லை.

அப்போதுதான் தலைக்குள் இருந்த இரைச்சல் நின்றது. எல்லாவற்றையும் விற்க வேண்டியதில்லை. ஒரே ஒரு பொருள் போதும். எனக்குத் தெரிந்த பெண்கள் போதும். அவர்கள் பதினொரு மணிக்கு எங்கே இருப்பார்கள் என்று அந்த மண்டபத்தில் எவருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். மற்றவற்றையெல்லாம் பரணில் போட்டேன்.

முதலில் எதிர் வீட்டு மதினியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். சைக்கிள் வாசலை விட்டுப் போகும்வரை காத்திருந்து போனேன்.

"என்னளா, கூந்தல்காரரக் கூட்டிட்டு வரலயா?" என்றாள். நான் பெட்டியை நீட்டி விஷயத்தைச் சொன்னேன். புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். "ஒருநா வச்சுப் பாக்கேன். அவிய எந்திரிச்சு வரும்போது சோறு ஆறிக் கெடந்துச்சோ, இந்தப் பெட்டி ஒங்க வீட்டு முத்தத்துல கெடக்கும், பாத்துக்க."

மறுநாள் சாயங்காலம் தெருக் குழாயிலிருந்து தண்ணீரோடு வந்தால், பெட்டி எங்கள் வீட்டு முற்றத்தில் இருக்கிறது! குடத்தை இறக்கக்கூடத் தோன்றவில்லை. அண்ணாச்சியின் குரல் காதில் கேட்டது. தங்கை மடியில் பீடித் தட்டு தெரிந்தது.

தங்கைதான் போய் மூடியைத் திறந்தாள். குப்பென்று ஆவி அடித்தது. உள்ளே உளுந்தம்பருப்புச் சோறு. கையை வைத்தவள் சுட்டுக்கொண்டு உதறினாள். எதிர் வாசலில் நின்று மதினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"மத்தியானம் வச்சது பிள்ள. சாப்பிட்டுட்டுப் பெட்டியக் குடுத்துரு, அது எனக்கு வேணும். நாளைக்குப் படித்தொறைக்கு வா. நான் சொல்லுதேன், நீ பேசாம இரு. நீ பேசுனா இங்கிலீசு வந்துரும்."

படித்துறையில் அவள்தான் பேசினாள். நான் மூடியைத் திறந்து மூடியதோடு சரி. துணிக்கல்லில் துவைத்துக்கொண்டிருந்தவர்கள் ஈரக் கையோடு வந்து ஆவியில் கையைக் காட்டிப் பார்த்தார்கள். கேட்டவர்களிடம் முன்பணம் வாங்கி, கம்பெனிக்கு மணியார்டர் அனுப்பிப் பெட்டிகளை வரவழைத்தேன். அந்தக் கோடை முடிவதற்குள் எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் அந்தப் பெட்டி இல்லாத ஷிப்ட்காரர் வீடு குறைவு.

கேள்விப்பட்டதும் மண்டபத்திலிருந்து அழைப்பு வந்தது. அதே டை. "என் பயிற்சியில் வளர்ந்தவர்" என்று சொல்லி என்னை மேடைக்குக் கூப்பிட்டார். எவ்வளவு துணிச்சல் பாருங்கள்! எதிரே என்னைப் போலவே பையும் முழிப்புமாக எத்தனையோ பெண்கள். மைக்கை வாங்கி, "பையில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் அம்மா கையில் எடுத்த பொருளாக இருக்கட்டும். வாசலில் சைக்கிள் குறுக்கே நின்றால் தட்டாதீர்கள். தட்டச் சொல்கிறவர் பேச்சைக் கேட்காதீர்கள்" என்றேன். கை தட்டல் இல்லை. அவர் முகம் போன போக்கைப் பார்த்துக்கொண்டே இறங்கினேன்.

தங்கைக்குக் கல்லூரி விண்ணப்பம் வாங்கப் பாளையங்கோட்டைக்குப் போக வேண்டிய நாள் வந்தது. நான் கூட்டிப் போவதாகத்தான் இருந்தேன். இரவு ஷிப்ட் முடிந்து வந்த அப்பா பஞ்சைக் கழுவிவிட்டு, படுக்காமல், வெள்ளை வேட்டியை எடுத்துக் கட்டினார். "நான் போயிட்டு வாரேன்" என்றார். அம்மா, "ஒறங்காண்டாமா?" என்று கேட்டதற்கு, "பஸ்ஸுல ஒறங்கிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுத் தங்கையோடு நடந்தார். அன்று எங்கள் வீட்டுச் சைக்கிள் குறுக்கே நிற்காமல் சுவரோரமாகச் சாய்ந்திருந்தது.

தங்கை அந்தக் கல்லூரியில் படித்துப் பட்டமும் வாங்கிவிட்டாள். அந்த டை கட்டியவர் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை, தீர வேண்டும் என்று ஆசையும் இல்லை. யாராவது பெரிய பையை நீட்டி எல்லாவற்றையும் உடனே செய் என்று மிரட்டும்போது, எனக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று நின்று யோசிக்க வைப்பது அந்தக் கோபம்தான்.