காத்து ஒழுகுற எடம்

கண்ணுக்குத் தெரியாததத் தேடிக் கண்டுபிடிச்சு கையால அடைக்கிற வேலை எங்களோடது. சைக்கிள் டியூப்பத் தண்ணித் தொட்டியில முக்கி, குமிழி எங்க வருதுன்னு கண்ணு பூத்துப் பாத்திருப்பீங்கல்ல? அந்த வேதனை தெரிஞ்சவங்களுக்குத்தான் இதச் சொல்றேன். உங்க டியூப்பாவது தொட்டிக்குள்ள அடங்கும். எங்க கம்ப்ரெசரத் தூக்கி எந்த ஏரியில முக்குறது?

சேலத்துல இருந்து எங்க ஜில்லாவைப் பிரிச்சுக் கொஞ்ச வருசம்தான் ஆகியிருந்துச்சு. மழை ஏமாத்துன காலம். கெணத்துல பாறை வந்துட்டா கடப்பாரை வேலைக்கு ஆகாது. டீசல் கம்ப்ரெசர டிராக்டர்ல கட்டி இழுத்துக்கிட்டுப் போவோம். அது அடைக்கிற காத்து ஓஸ் வழியாக் கெணத்துக்குள்ள எறங்கி, ஜாக்கேமர ஓட்டிப் பாறையில குழி போடும். குழியில மருந்த வெச்சு வேட்டு வைப்பாங்க. தர்மபுரி பாய்தான் மெஷினுக்கு மொதலாளி. கெணத்துக்குள்ள ஜாக்கேமர் பிடிக்கிறவர் மாதப்பன், வூட்டுல கன்னடம், வெளியில தமிழ். மேல நின்னு மெஷினப் பாத்துக்கிட்டு, காத்து எங்க ஒழுகுதுன்னு தேடிச் சாகுறவன் நான்.

சந்தை நாள்

சோப்புத் தண்ணிய வுட்டா, ஒழுகுற எடத்தக் கண்டுபிடிக்க எங்கிட்ட இருந்த கருவியெல்லாம் என் ஒடம்புலயே இருந்துச்சு. பொறங்கைய எச்சில்ல ஈரம் பண்ணி ஓஸ் ஓரமாக் கொண்டு போனா, காத்து போற எடத்துல சுருக்குனு குளிரும். கை காய்ச்சுப் போனா கன்னம். அதுலயும் தெரியலன்னா ஒதடு. காரிமங்கலத்துல ஒரு சந்தை நாளு, ரோட்டோரம் மெஷின நிறுத்திட்டு ஓஸ் முழுக்க ஒதட்ட ஓட்டிக்கிட்டே போறேன். சந்தைக்கு வந்த சனம் தக்காளிக் கூடைய எறக்கி வெச்சிட்டு வேடிக்கை பாக்குது. பொம்பளைங்க முந்தானையால வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறாங்க.

கூட்டத்தத் தள்ளிக்கிட்டு வந்து நின்னவர் சின்னசாமி. பக்கத்து ஊர்க்காரர். பாய்கிட்ட மெஷினுக்குச் சொல்லி வெச்சு மாசக்கணக்காக் காத்திருக்கிறவர். எங்க பாத்தாலும் "என் மொறை எப்ப?"ன்னு சட்டையப் பிடிக்காத கொறையாக் கேப்பாரு. அன்னிக்கும் என்னை மேலயும் கீழயும் பாத்துட்டுச் சொன்னாரு: "கொஞ்சுனது போதுமய்யா, அத என் கெணத்துக்கு ஓட்டிக்கிட்டு வா!"

பச்சையம்மா கெணறு

ஆனா அவருக்கு முன்னால பச்சையம்மா மொறை. மொரப்பூர்ல ரயில எறங்கி, நல்லா நடந்தா வர்ற ஊரு. கெணத்துல பாறை குறுக்க நின்னதும், வூட்டுக்காரர் பெங்களூருல கட்டட வேலைக்குப் போயிட்டாரு. ரெண்டு புள்ளைங்கள வெச்சுக்கிட்டு, கெணத்த விடாமப் பிடிச்சுக்கிட்டு நின்னது அந்தப் பொண்ணுதான். கமலையில கயிறு கட்டுறதும், கல்லு ஏத்துறதும், ஆளுங்களுக்குக் களி கிண்டுறதும் அதேதான். நான் பல ஊர் ஆம்பளைங்களப் பாத்திருக்கேன், சாமி சத்தியமா இந்தத் தெம்பு பாத்ததில்ல.

மெஷின நிறுத்துன ஒடனே, பாறை ஒடையலன்னா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டுத் தொலைச்சிட்டேன். கேக்கக் கூடாதது. அது கொஞ்சமும் மொகம் மாறாமச் சொல்லுச்சு: "தண்ணி வந்தா அவரு வூட்டுக்கு வர்றாரு. வரலன்னா வூட்டப் பூட்டிட்டு நாங்க அங்க போறோம். அவ்வளவுதானுங்கண்ணா."

சோப்பு தீந்த அன்னிக்கு

மூணாம் நாளே வந்துச்சு வெனை. எஞ்சின் என்னமோ கத்துது, ஆனா கீழ ஜாக்கேமர் பாறையக் கடிக்காம மேலயே துள்ளுது. பாதிக் காத்து வழியிலயே போவுது. சோப்புத் தண்ணிய ஓஸ்ல தடவிப் பாக்கலாம்னா சோப்பு தீந்து போச்சு. கடையில கேட்டா, "துவைக்கவே தண்ணி இல்ல, சோப்பு யாருக்கு விக்கிறது?"ன்னு திருப்பிக் கேக்குறான். அவன் கேக்குறதும் ஞாயந்தான்.

பச்சையம்மா ஒரு சட்டியில அரப்புத் தூளக் கரைச்சு எடுத்தாந்துச்சு. தலைக்குத் தேய்க்கிற அரப்பு. எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. தடவிப் பாத்தா, சோப்பு மாதிரி வழிஞ்சு ஓடல. கெட்டியா ஒட்டிக்கிட்டு நிக்குது. ஓஸும் இரும்பும் சேர்ற எடத்துல, எவனோ எப்பவோ சுத்துன கோணித் துணிக்கு அடியில இருந்து பொசபொசன்னு நொரை கெளம்புச்சு. அத அறுத்துட்டுப் புது கிளிப் போட்டேன். அடுத்த நிமிசம் கெணத்துக்குள்ள இருந்து படபடன்னு சத்தம், ஒரே பாறைத்தூசி. அது அடங்குனதும் மாதப்பன் கொரலு வந்துச்சு: "அண்ணா, மெஷினுக்கு எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டிட்டீங்களா? சாமி வந்த மாதிரி ஆடுதே!"

ஊரே வாயப் பொத்துனப்போ

வேலை ஜோராப் போச்சு. ஆனா எனக்கு ராவுல தூக்கம் வரல. மெஷினு அடைக்கிற காத்து தங்குறதுக்கு ஒரு இரும்பு டேங்க் உண்டு. தெனமும் காலையில அதுல காத்த ரொப்பி, எஞ்சின நிறுத்தி, வால்வ மூடிட்டு மீட்டர் முள்ளப் பாப்பேன். ஒழுகலு இல்லன்னா முள்ளு அசையக் கூடாது. இது அசைஞ்சுது. ரொம்ப இல்ல, தூங்கி விழுறவன் தலை மாதிரி மெதுவாச் சாயுது. எங்க போவுதுன்னு தெரியல. ஓஸ் எல்லாம் பாத்தாச்சு, வால்வ் பாத்தாச்சு. ஓஸ் ஒழுகுனா வேலைதான் கெடும். டேங்க் வெல்டிங் விட்டுப் போயிருந்தா குண்டு மாதிரி வெடிக்கும், பக்கத்துல நிக்கிறவன அள்ளி எடுக்கணும். இத பச்சையம்மாகிட்டயும் சொல்லி, புள்ளைங்களக் கிட்ட விடாதீங்கன்னு எச்சரிச்சு வெச்சிருந்தேன்.

காதால கேட்டாத்தான் பிடிக்க முடியும்னு ஊரக் கொஞ்சம் சத்தம் போடாம இருக்கச் சொன்னேன். அடேயப்பா, என்ன மரியாதை! ஆட்டுக் கழுத்து மணியக் கையால பிடிச்சுக்கிட்டாங்க. அழுத கொழந்தைக்குப் பால் குடுத்தாங்க. நாலு வூடு தள்ளிக் கல்யாணம், அங்க மேளத்தயே நிறுத்திட்டாங்க. நான் டேங்க் மேல காத வெச்சுப் படுத்திருக்கேன், ஊரே மூச்ச அடக்கிக்கிட்டு என்னப் பாக்குது. அந்த நேரம் பாத்து மொரப்பூர் பக்கமா ஒரு கூட்ஸ் வண்டி தடக்குத் தடக்குன்னு வருது, முடியவே மாட்டேங்குது. கல்யாண வூட்டுக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு எங்கிட்ட வந்து காதோரமாச் சொன்னாரு: "சீக்கிரம் கேட்டு முடிங்கண்ணா, மாப்பிள்ளை வந்து எறங்கிட்டாரு. மேளம் இல்லன்னதும் பொண்ணு குடுக்க இஷ்டம் இல்லையோன்னு கோவிச்சுக்கிட்டு வண்டிய திருப்புறாரு!"

வெள்ளிக்கிழமை

கடைசிப் பாறைன்னு மாதப்பன் சொல்லிட்டாரு. கீழ ஈரம் கசியுது, இன்னும் ரெண்டு மூணு வேட்டு வெச்சாப் போதும்னாரு. அன்னிக்கு வெள்ளிக்கிழமை. மெஷினுக்குப் பொட்டு வெச்சிட்டு ஆரம்பிக்கலாம்னு பச்சையம்மாவுக்கு ஆசை. எல்லா ஊர்லயும் வெக்கிறதுதான், முன்னால ரெண்டு பொட்டு வெச்சுட்டுக் கும்பிடுவாங்க. இது அப்படி வுடுற ஆளா? சாம்பலும் தேங்கா நாருமா எடுத்தாந்து, பாத்திரம் வெளக்குற மாதிரி டேங்க வெளக்குச்சு. மேல மட்டும் இல்ல, அடியில பூந்து படுத்துக்கிட்டு, வருசக்கணக்கா அப்பிக் கெடந்த எண்ணெ அழுக்கையெல்லாம் சொரண்டித் தள்ளிடுச்சு. சாமியக் குளிப்பாட்டுனா வயித்த மட்டும் வுட்டுடுவாங்களான்னு கேக்குது. நான் காத்த ரொப்பி எஞ்சின நிறுத்திட்டு, வழக்கம் போல முள்ளப் பாத்துக்கிட்டு நின்னேன்.

"அண்ணா, இங்க வாங்க"ன்னு அடியில இருந்து கொரலு. குனிஞ்சு பாத்தேன். டேங்க் அடி வயித்துல, வெல்டிங் ஓடுற கோட்டு மேல ஒரு சந்தனப் பொட்டு. அது உப்புது, ஒடையுது, திரும்ப உப்புது. வெரலால வழிச்சிட்டு மறுபடி வெச்சுக் காட்டுச்சு. மறுபடியும் உப்புச்சு. நான் இத்தன நாளாத் தேடுன ஒழுகலு அதுதான். அழுக்கு அப்பி மூடியிருந்த கீறலு. ஓடிப் போய் காத்தத் தொறந்து வுட்டுட்டு, அப்படியே மண்ணுல ஒக்காந்துட்டேன்.

மெஷினு இனி ஓடாது, தர்மபுரி போயாகணும். போனா இந்தக் கெணத்து மொறை போச்சு, திரும்பி வர்றப்ப சின்னசாமி நாளு வந்துடும். அதுவும் அந்தப் பொண்ணுக்குத் தெரியும். பொட்ட வழிச்சுப் போட்டுட்டு வாயத் தொறக்காம இருந்திருந்தா, சாயங்காலத்துக்குள்ள தண்ணி. "ஏம்மா, இதச் சொன்னா மெஷினு போயிடும்னு தெரியாதா?"ன்னு கேட்டேன். சந்தனக் கையப் பொடவையில தொடைச்சுக்கிட்டே சொல்லுச்சு: "தெரியாம என்னங்கண்ணா? பக்கத்துல நிக்கிறது நீங்கதானுங்களே."

சின்னசாமி மொறை

பாய் வந்து கீறல வெரலால தடவிப் பாத்தாரு. ஒட்டுப் போட்டு ஓட்டலாம்னு நாலு பேரு யோசனை சொன்னாங்க. "என் ஆளு நிக்கிற எடத்துல ஒட்டுப் போட்ட டேங்க் நிக்காது"ன்னு ஒரே வார்த்தை. வேற டேங்க் தேடிப் பிடிச்சு மாட்டுறதுக்கு மாசம் திரும்பிடுச்சு. மெஷினு தயாரான அன்னிக்குக் காலையில, டிராக்டர் சாவிய எங்கிட்ட குடுத்துட்டு பாய் தலைய தொங்கப் போட்டுக்கிட்டாரு. அந்த நாள சின்னசாமி கெணத்துக்குன்னு குறிச்சுக் குடுத்திருந்தாரு. வாக்கு குடுத்தாச்சு, மாத்த முடியாது. பச்சையம்மா டிரங்குப் பெட்டியில துணி அடுக்க ஆரம்பிச்சிடுச்சுன்னு மாதப்பன் வேற வந்து சொல்றாரு.

சின்னசாமி அன்னிக்கு மெஷினக் கையோட கூட்டிக்கிட்டுப் போக நேரா பாய் கடைக்கே வந்துட்டாரு. மூலையில கெடந்த பழைய டேங்கப் பாத்து, என்னய்யா இதுன்னு கேட்டாரு. மாதப்பன் எல்லாத்தயும் சொன்னாரு, சந்தனப் பொட்டு உப்புனது வரைக்கும். மனுசன் டேங்கத் திருப்பிப் போட்டு அந்தக் கீறலயே கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு இருந்தாரு. "இது என் கெணத்துல வந்து வெடிச்சிருக்கும்"னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டாரு. நான் சாவியக் கையில வெச்சுக்கிட்டு, அவரு வாயப் பாத்துக்கிட்டு நிக்கிறேன். பெறகு எங்கிட்ட வந்து, வழக்கமான அதே கடுகடுப்போட சொன்னாரு: "என்னய்யா பாக்குற? என் கெணறு எங்கயும் ஓடிடாது. அந்தப் பொண்ணு வூட்டப் பூட்டுறதுக்குள்ள போய்ச் சேரு!"

டிராக்டர நான் அன்னிக்கு ஓட்டுன ஓட்டத்துக்கு, மொரப்பூர் ரோட்டுல வந்த பஸ்ஸெல்லாம் ஓரம் கட்டுச்சு. போய்ச் சேந்தப்ப, கட்டுன பெட்டி வாசல்ல இருந்துச்சு. பச்சையம்மா எங்களப் பாத்துது, மெஷினப் பாத்துது, பெட்டிய உள்ள எடுத்துக்கிட்டுப் போச்சு. மறுநாள் ரெண்டாவது வேட்டுக்குப் பாறை பொளந்துச்சு. மாதப்பன் முழங்கால் தண்ணியில நின்னுக்கிட்டு "சாகு, சாகு!"ன்னு கன்னடத்துல கத்துறாரு, போதும் போதும்னு அர்த்தம். பச்சையம்மா கெணத்து மேட்டுல ஒக்காந்து கேவிக் கேவி அழுதுச்சு. நானும் அழுதேன், அதுல என்ன வெக்கம்? ஒரு வாரம் கழிச்சு சின்னசாமி கெணத்துல நாங்க வேலை பாக்குறப்ப, பெங்களூர்ல இருந்து வந்து எறங்குன வூட்டுக்காரரோட பச்சையம்மா அங்க வந்துச்சு. ஒரு கையில சந்தனக் கிண்ணம், ஒரு கையில தேங்கா நாரு. சின்னசாமி வாயில சிரிப்ப மொதத் தடவையா அன்னிக்குத்தான் பாத்தேன். அவரு சொன்னாரு: "வாம்மா, அடி வயித்துல இருந்து ஆரம்பி!"

அதுக்கப்புறம் எந்த ஊருக்குப் போனாலும், மெஷினுக்குப் பொட்டு வெக்க வர்றவங்கள முன்னால மட்டும் வெச்சிட்டுப் போக வுடாம, அடியில படுத்து வெச்சே ஆகணும்னு மல்லுக்கு நின்னு, ஜில்லா முழுக்க பெரிய பக்திமான்னு பேரு வாங்கிட்டேன்.